ரோல்ஸ் கடையில் வெளிவந்த மனேஜர்

இன்று ரோல்ஸ் வாங்க, ரொறன்ரோ அஜின்கோர்ட்டில் உள்ள தமிழ்ச் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். வழக்கம்போல வரிசையே இல்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் ஓடர் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணை, நீங்கள்தான் முதல் வந்தனீங்கள், சொல்லுங்கோ. அன்ரி, அடுத்தது நீங்கள். மற்ற ஆக்கள் கொஞ்சம் பின்னுக்கு நில்லுங்கோ."

நின்றார்கள். கடைக்காரர்கூட நிம்மதியாகப் பார்சல் கட்டினார்.

திரும்பினால், பின்னால் சுதன். வேலையில் என் டீமில் இருப்பவன். அங்கே நான் லீடர்ஷிப் கோர்ஸில் பழகிய மெல்லிய குரலில், சுற்றி வளைத்து மட்டும்தான் பேசுவேன்.

"அக்கா, உங்களுக்கு இப்பிடியும் கதைக்கத் தெரியுமோ? நீங்கள் என்ன சொல்ல வாறியள் எண்டு விளங்காமத்தான் வெள்ளிக்கிழமை என்னை வேற டீமுக்கு மாத்தச் சொல்லிக் கேட்டனான்."

ரோல்ஸ் பார்சலோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நாளைக்கு எந்தக் குரலோடு வேலைக்குப் போவது? சொல்லுங்கோ. ஆனால் வரிசையில் வாங்கோ.