பச்சைக்குள் ஒரு சிவப்பு

கார்ட்டூன் படம் என்றாலே குழந்தைகள் சமாச்சாரம் என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். எண்பதுகளின் தொடக்கத்தில், கோடை விடுமுறையில், மெயின்கார்டு கேட் பக்கத்துத் தியேட்டர் ஒன்றில் காலைக் காட்சியாக ஓர் ஆங்கிலக் கார்ட்டூன் படம் ஓடியது. முகமூடி போட்ட பறக்கும் வீரன், ஊரை அழிக்க வரும் வில்லன் என்று வழக்கமான கதைதான். அதெல்லாம் மறந்துவிட்டது. படம் தொடங்கும்போது ஓடிய டைட்டில் காட்சி மட்டும் மறக்கவில்லை. எனக்கு அப்போது பதினேழு வயது, அண்ணனுக்கு இருபத்திரண்டு. இருவரும் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போயிருந்தோம்.

திரை முழுக்கப் பச்சை. பாசி படிந்த குளம் மாதிரி ஒரு பச்சை. அது மெல்ல நகர்ந்து ஊரை மூடிக்கொண்டே வந்தது. மஞ்சளாக எரிந்துகொண்டிருந்த ஜன்னல்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. அது வில்லனின் விஷம் என்று யாரும் எழுதிக் காட்டவில்லை, ஆனாலும் தரை டிக்கெட்டுக்குக்கூடப் புரிந்தது. பிறகு அந்தப் பச்சையின் நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி. அதற்கு ஓரக்கோடு கிடையாது, நிழல் கிடையாது, வெறும் நிறம். அது விரிந்து, இறக்கை முளைத்து, வீரனின் மார்பில் இருக்கும் பறவைச் சின்னமாக மாறியது. இனி யார் ஜெயிப்பார்கள் என்பதை நிறத்திலேயே சொல்லிவிட்டார்கள். எனக்குப் புல்லரித்தது. தியேட்டரே விசிலடித்தது. அந்த நேரம் பார்த்து என் அண்ணன் எழுந்து நின்று, "யோவ் ஆபரேட்டர், படம் நின்னுபோச்சுய்யா! தூங்கிட்டியா?" என்று கத்தினான்.

கிண்டல் செய்கிறான் என்று நினைத்துச் சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். திரும்பும்போது பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியதும் கேட்டான்: "எதுக்கு எல்லாரும் அப்படி விசிலடிச்சாங்க? சும்மா மங்கலாத்தானே நின்னுச்சு?"

"பறவை வந்துச்சேண்ணே, சிவப்பா."

"எங்க வந்துச்சு?"

வீட்டுக்குப் போனதும் என் பூவேலை நூல்களைப் பாயில் கொட்டி, நிறம் நிறமாகப் பிரிக்கச் சொன்னேன். நீலத்தையும் மஞ்சளையும் சட்டென்று எடுத்து வைத்தான். சிவப்பு, பச்சை, பழுப்பு மூன்றும் ஒரே குவியலாகக் கிடந்தன. காய்த் தக்காளியை வாங்கி வந்து வருடக்கணக்காக அம்மாவிடம் திட்டு வாங்கியவன் அவன். கவனமில்லாத பயல் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். "எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும்னு நெனச்சேன்" என்றான்.

வேறு வீடாக இருந்தால் கேலி பேசிவிட்டு மறந்திருப்போம். எங்கள் அப்பா ரயில் டிரைவர், அடுத்த வருடம் ஓய்வு. வேலையில்லாமல் மூன்று வருடம் அலைந்த அண்ணன், ரயில்வே எழுத்துப் பரீட்சையில் தேறி, டீசல் இன்ஜினில் உதவி டிரைவர் வேலைக்குக் காத்திருந்தான். மெடிக்கல் பரிசோதனை மட்டும்தான் பாக்கி. அதில் நிறப்புள்ளிகளுக்குள் எண்களை ஒளித்து வைத்திருக்கும் ஒரு புத்தகத்தை நீட்டி, படி என்பார்கள். அப்பாவிடம் மூச்சு விடக்கூடாது என்று அண்ணன் சத்தியம் கேட்டான். நான் சத்தியமெல்லாம் செய்து கொடுக்கவில்லை, பார்க்கலாம் என்றேன்.

அந்த வாரக் கடைசியில், "வா, அதே படத்துக்குப் போவோம்" என்று கூப்பிட்டான். டைட்டில் தொடங்கியது. எனக்குத் திரையைவிட அவன் மேல்தான் கண். புள்ளி தோன்ற வேண்டிய இடத்தில், தியேட்டரில் மற்றவர்களை முந்திக்கொண்டு அவன் விசிலடித்தான். "இப்ப இறக்கை விரியுது பாரு. இப்ப ஜன்னல்லாம் செவக்குது" என்று காதில் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தான். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"தெரியுதாண்ணே?" என்றேன். சந்தோஷத்தில் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்க தெரியுது? மேளம் ரெண்டு தரம் அடிச்சா சிவப்பு. இதுக்கு நடுவுல தனியா ரெண்டு தடவ வந்து மனப்பாடம் பண்ணிட்டேன்." அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு ஒருவர் இருந்தார். மெடிக்கல் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் எந்த எண் என்று அவருக்கு அத்துப்படியாம், வரிசையாகச் சொல்லித் தருகிறாராம். "இதையே அடிச்சவனுக்கு அது ஒரு பெரிய விஷயமா?" என்றான்.

அதன்பிறகு படத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. டைட்டில் எடுக்கிறவன் நமக்குப் புரிய வேண்டும் என்று பாடுபடுகிறவன். நிறத்தைக் காட்டுவான், போதாதென்று மேளமும் அடிப்பான். இருட்டில் ஓடுகிற வண்டிக்கு முன்னால் யார் மேளம் அடிப்பார்கள்? பின்னால் பெட்டி பெட்டியாக ஜனங்கள் தூங்கிக்கொண்டு வருவார்களே. வெளியே வந்ததும் இதைச் சொன்னேன். அவன் முகம் சுண்டிப்போனது. "உனக்கென்ன, சொல்லிடுவ. இந்த வேலையும் கெடைக்கலன்னா நான் என்ன பண்றது? அதையும் நீயே சொல்லு." அவனுக்கு அந்த வேலை கிடைக்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது, கிடைத்துவிடுமோ என்று பயமாகவும் இருந்தது.

அன்று சாயங்காலமே அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அதற்காக நான் வருத்தப்பட்டதே இல்லை. அப்பாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உளறாத. சின்னப் புள்ளையிலேருந்து ஒரு சிக்னல் தப்பாச் சொன்னதில்ல அவன்."

"பகல்லதானேப்பா கேட்டிருக்கீங்க? கைகாட்டி நீட்டிக்கிட்டு இருக்கா, எறங்கி இருக்கான்னு பார்த்துச் சொல்லியிருப்பான்."

அப்பா சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் விளக்கு வைத்த பிறகு, "ரெண்டு பேரும் வாங்க" என்று எங்களை ஸ்ரீரங்கம் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார். பிளாட்பாரத்தின் கடைசியில் ஒரு விளக்குக் கம்பத்தடியில் நின்றோம். தூரத்தில் கைகாட்டி மரம் இருட்டில் கரைந்து, அதன் விளக்கு மட்டும் தெரிந்தது. கைகாட்டிக்கு விளக்கு ஒன்றுதான், இடமும் மாறாது. முன்னால் இருக்கும் கண்ணாடிதான் மாறும்.

"அது என்ன கலருப்பா?" என்று அப்பா கேட்டார்.

"சிவப்பு" என்றான் அண்ணன்.

சரியான பதில். அப்பா என்னைப் பார்த்த பார்வையில் எத்தனை நிம்மதி! ஆனால் அண்ணன் சிக்னலைப் பார்க்கவில்லை, அப்பாவின் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னான். ஆயுசு முழுக்க இன்ஜினில் நின்றவர் முகம் அது. சிவப்பைக் கண்டால் புருவம் தானாக நெரியும். நான் எதுவும் சொல்லவில்லை. ஒரு நாளைக்குப் போதுமான அளவுக்கு முந்தின நாளே பேசியிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் வண்டி வரும் மணி அடித்தது. அப்பா எங்களுக்கு முதுகைக் காட்டி, தண்டவாளத்தைப் பார்த்து நின்றார்.

"இப்ப என்ன கலருப்பா?" என்று கேட்டார்.

அண்ணன் அப்பாவின் முதுகையே பார்த்தான்.

"சொல்லுப்பா."

"கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்கப்பா" என்றான் அண்ணன்.

அப்பா திரும்பவில்லை. வண்டி உள்ளே வந்து, ஆட்கள் இறங்கி, அது மறுபடி கிளம்பிப் போகும்வரை அப்படியே நின்றார். பிறகு, "மெடிக்கலுக்குப் போக வேணாம்ப்பா" என்றார். அண்ணன் சரி என்றான்.