மணல் மூட்டை இல்லாமல் பிங்ஹாம்டன் வரை

என் நாத்தனார் மகன் டெக்சஸ் ஆலனிலிருந்து நியூயார்க் மாநிலத்துக்கு வேலை மாறிப் போகிறான். போன வாரம் போன் பண்ணி, அவனுடையது ரியர் வீல் டிரைவ், அதாவது பின் சக்கரம் தள்ளுகிற கார், அதைப் பனியில் ஓட்டலாமா என்று கேட்டான். ஓட்டலாம். எண்பதுகளின் நடுவில் ஒரு பிப்ரவரியில், நியூஜெர்சி எடிசனிலிருந்து பிங்ஹாம்டன் பக்கம் வரை 190 மைல் நாங்கள் ஓட்டிப் போயிருக்கிறோம். எப்படிப் போகக் கூடாது என்பதற்கு என்னைவிட நல்ல சாட்சி கிடைக்காது. அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

ஏன் போனோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பாளையங்கோட்டைக்காரி, மதுரையில் எம்.பி.பி.எஸ். படித்தவள். கல்யாணமாகி எடிசன் வந்து, இங்கே உள்ள பரீட்சைகளை எல்லாம் எழுதித் தேறியும், ஒரு பல் டாக்டர் ஆபீஸில் போன் எடுத்துக்கொண்டிருந்தேன். ஏதாவது ஆஸ்பத்திரியில் ரெசிடென்சி என்கிற மூன்று வருஷப் பயிற்சி வேலை கிடைத்தால்தான் மறுபடி டாக்டர். நாற்பது இடத்துக்கு எழுதியதில் கூப்பிட்டது ஒன்றே ஒன்று, பிங்ஹாம்டனைத் தாண்டி ஒரு சின்ன ஊரில். மதியம் ஒரு மணிக்கு இன்டர்வியூ. அதை விட்டால் இன்னும் ஒரு வருஷம் போன்தான். முந்தின நாள் அங்கிருந்து பேசிய செக்ரட்டரி, பனி வரும்போலிருக்கிறது, முடிந்தால் வாருங்கள் என்றாள். அதென்ன 'முடிந்தால்'? இடத்தை யாருக்கோ கொடுத்தாகிவிட்டது, நான் வராமல் போனால் அவர்களுக்கு வசதி என்று நான் முடிவே கட்டிவிட்டேன். என் புத்தி அப்படி.

அடுத்து கார். எங்கள் பிரேயர் குரூப்பில் இருந்த தாமஸ் அங்கிள் டெக்சஸ் சுகர் லேண்டுக்கு வேலை கிடைத்துப் போகும்போது, தன் பழைய அமெரிக்கக் காரை எங்களுக்குத் தொள்ளாயிரம் டாலருக்குத் தந்தார். பழுப்பு நிறம், கப்பல் மாதிரி நீளம். அதே மாதிரி வண்டிக்கு மற்றவர்கள் ஆயிரத்து நானூறு கேட்டார்கள். நம்ம ஆள் ஒருவர் இவ்வளவு குறைத்துக் கொடுத்தாலே எனக்கு உறுத்தும். டிக்கியில் வேறு மூன்று மணல் மூட்டை கிடந்தது, ஒவ்வொன்றும் அறுபது பவுண்டு. அதை எடுக்க வேண்டாம் என்று அங்கிள் சொன்னதாக என் வீட்டுக்காரர் சொன்னார். ஏன் என்று இவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எடுக்க வேண்டாம் என்றால் அடியில் ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்? தரை துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கும், மூட்டையைப் போட்டு மூடிவிட்டார் மனுஷன் என்று நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை இவர் நண்பர் காரில் வெளியே போயிருந்தபோது மூன்றையும் இழுத்துக் கீழே தள்ளி, அபார்ட்மென்ட் குப்பைத் தொட்டி ஓரமாக உருட்டிவிட்டேன். அடியில் பார்த்தால் தரை பளிச்சென்று இருந்தது, ஒரு பொட்டுத் துரு கிடையாது. எனக்கு அசிங்கமாகப் போய்விட்டது. இவரிடம் சொல்லவில்லை. இவரும் டிக்கியைத் திறந்து பார்க்கிற ஆள் இல்லை.

இன்டர்வியூ அன்று காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். 287-ஆம் நம்பர் ஹைவேயில் வடக்கே போய், 80-இல் மேற்கே திரும்பினோம். பெட்ரோல் காலன் ஒரு டாலர் பத்து சென்ட், டெலவேர் ஆற்றுப் பாலத்தில் டோல் கால் டாலர். ரேடியோவில் லேசான பனி என்றான். லேசு என்று இவன் எதைச் சொல்கிறான் என்று நான் கேட்டுக்கொண்டே வந்தேன். பென்சில்வேனியா மலை ஏறி 380-இல் திரும்பியதும் பதில் கிடைத்தது. ரோட்டின் கோடே தெரியவில்லை. எல்லோரும் முப்பதில் ஊர்ந்துகொண்டிருக்க, இவர் நாற்பத்தைந்தில் போனார். மெதுவாகப் போங்கள் என்றேன்.

"பயப்படாத கிரேஸ், பின்னாடி நல்லா வெயிட் இருக்கு. தாமஸ் அங்கிள் அதுக்குத்தான் மூட்டை போட்டு வெச்சிருக்கார்" என்றார்.

மூட்டை எதற்கு என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. இந்த மாதிரி வண்டியில் இன்ஜின் பாரம் முழுக்க முன்னால். தள்ள வேண்டிய பின் சக்கரத்தின் மேல் ஒன்றுமே இல்லை. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பதற்குள் ஒரு வளைவு வந்தது. வண்டியின் பின்பக்கம் தன் பாட்டுக்கு இடதுபக்கம் கிளம்பியது. அரை வட்டம் சுற்றி, ஓரப் பனியில் பின்புறம் புதைந்து நின்றோம். மணி ஒன்பது பத்து. யாருக்கும் அடியில்லை, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். ஆக்சிலேட்டரை மிதித்தால் சக்கரம் சும்மா சுற்றியது. சக்கரத்துக்கு அடியில் தூவ மணல் எடுக்கிறேன் என்று இவர் இறங்கிப் போய் டிக்கியைத் திறந்தார்.

பின்னாலேயே போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல" என்றார், அவ்வளவுதான். கத்தியிருந்தால் எனக்குப் பரவாயில்லாமல் இருந்திருக்கும்.

இருபது நிமிஷம் கழித்து ரோட்டுப் பனியைத் தள்ளும் லாரி ஒன்று வந்து நின்றது. தாடி வைத்த ஒரு ஆள் இறங்கி, டிக்கியைத் திறக்கச் சொன்னார். டிக்கியில் இவருக்கு என்ன வேலை? நான் காருக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு, சர்டிபிகேட் ஃபைலை மடியில் வைத்து, டிகிரி ஜெராக்ஸின் பின்பக்கம் அந்த லாரி நம்பரை எழுதினேன். அவரோ மண்வாரியை எடுத்து, ரோட்டோரப் பனியை அள்ளி அள்ளி எங்கள் டிக்கிக்குள் கொட்ட ஆரம்பித்தார். பைத்தியமோ என்று பார்த்தேன். நிரம்பியதும் அடித்து இறுக்கினார். பிறகு வழுக்காமலிருக்க ரோட்டில் தூவும் கருப்புச் சாம்பல் கல்லை லாரியிலிருந்து எடுத்துச் சக்கரத்தடியில் போட்டு, பின் சீட்டில் உட்காரும்படி எனக்குக் கை காட்டினார். வண்டி முனகிக்கொண்டே மேலே ஏறியது. இவர் பத்து டாலர் நீட்டினார், அவர் வாங்கவில்லை. ஸ்க்ராண்டன் வரை என் பின்னால் இருபத்தைந்தில் வா, பிரேக்கைத் தொடாதே என்று சொல்லிவிட்டு முன்னால் போனார். எங்கே கூட்டிப் போகிறானோ என்று ஸ்க்ராண்டன் போர்டு கண்ணில் படும்வரை எனக்கு நம்பிக்கை வரவில்லை.

மீதி தூரத்தை வாடகைக் காரில் போகிறவள் மாதிரி பின் சீட்டிலேயே உட்கார்ந்து கடந்தேன். போய்ச் சேரும்போது ஒன்று நாற்பது. செக்ரட்டரி கடிகாரத்தைப் பார்த்தாள். பெரிய டாக்டர் பதினைந்தே நிமிஷம் பேசினார். எங்கள் ஊர்க் குளிரில் மூன்று வருஷம் தாக்குப்பிடிப்பீர்களா என்று கேட்டார், பிடிப்பேன் என்றேன்.

இப்போது போகிறவர்களுக்கு: நாலு சக்கரத்துக்கும் ஸ்நோ டயர் போடுங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். பாரத்தைப் பின் அச்சுக்கு நேர் மேலே வையுங்கள், வால்பக்கம் ஓரத்தில் வைத்தால் வளைவில் அதுவே இழுத்துவிடும். உருளாமல் கட்டியும் வையுங்கள். பெட்ரோல் பாதிக்குக் கீழே போக வேண்டாம். பின்பக்கம் நழுவினால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, போக வேண்டிய திசைக்கு ஸ்டியரிங்கை மெதுவாகத் திருப்புங்கள். வழக்கமான நேரத்தைப் போல இரண்டு மடங்கு வைத்துக் கிளம்புங்கள். டிக்கியில் பனியை நிரப்புவது ஆபத்துக்கு மட்டும், வீடு வந்ததும் அள்ளிக் கொட்டிவிடுங்கள். நாங்கள் அப்படியே விட்டோம். நான் தேடிய துரு அடுத்த வருஷம் நிஜமாகவே வந்தது.

வேலை கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது, மார்ச்சில் கடிதம் வந்தது. நான் அந்தச் சின்ன ஊரில், இவர் எடிசனில், மூன்று வருஷம். கடிதத்தைப் படித்துவிட்டு, எப்போது சேர வேண்டும் என்று மட்டும் கேட்டார். இவ்வளவு சுலபமாகச் சம்மதிக்கிறாரே, நான் இல்லாமல் இருப்பது இவருக்கு வசதிதானோ என்று எனக்கு அரித்துக்கொண்டே இருந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் 190 மைல் ஓட்டி வருவார், அப்போதும் அரிப்பு அடங்கவில்லை. இரண்டாவது குளிர்காலத்தில், வந்து வாசலில் ஷூவின் பனியைத் தட்டிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேவிட்டேன்.

"அன்னைக்கு ஏன் ஒரு தடவைகூட என்னைப் போகாதேன்னு சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ போயிருக்க மாட்ட" என்றார்.

அந்த மனுஷனைப் பற்றி என்னென்னவோ சந்தேகப்பட்டிருக்கிறேன். இது மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.