கவிழ்த்துக் காட்டச் சொன்ன படகு

போன மாதம் எங்கள் அலுவலகத்தில் எல்லோருமாகக் கடலுக்குப் போவது என்று முடிவாயிற்று. பாறைகளைச் சுற்றிக் காட்டுகிற படகுகளில் எது நல்லது, எதில் தூண்டில் போட விடுவார்கள் என்று பார்த்து ஏற்பாடு செய்கிற வேலையை என் தலையில் கட்டினார்கள். முதலில் எந்தப் படகு வருகிறதோ அதில் ஏறிவிட வேண்டியதுதான், பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். சொன்ன குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. பக்கத்து மேசைப் பெண் இரண்டு நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. அவளுக்கு என்ன தெரியும்? படகு தேர்ந்தெடுப்பது என்று யாராவது வாயைத் திறந்தாலே எனக்கு எங்கள் அப்பா ஞாபகம் வரும், உடனே பற்றிக்கொண்டும் வரும்.

அப்போது எனக்குப் பத்து வயது. சேவூர்ப் பக்கம் எங்கள் வீடு. முன்னறை முழுக்கத் தறி. மிச்சமிருந்த இடத்தில் நாங்கள் மூன்று பேர். அப்பா பட்டு நெய்தார், அம்மா அவருக்கு ஊடை நூலைத் தாராகச் சுற்றிக் கொடுத்தாள். அப்பாவின் செல்போனில் யாரோ ஒரு படத்தை அனுப்பியிருந்தார்கள். கன்னியாகுமரிக்கு மேற்கே எங்கோ ஒரு கரை, கறுப்புப் பாறைகள், அவற்றுக்கு நடுவே ஒரு சின்னப் படகு, அதில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் தூண்டில் கயிற்றை இழுக்கிறாள், மீன் துள்ளிக்கொண்டு மேலே வருகிறது. அந்தப் படத்தை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. அரையாண்டு லீவில் அழைத்துப்போவதாக அப்பா வாக்குக் கொடுத்தார். மறுநாளே வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டேன். நான் கடலில் மீன் பிடிக்கப்போகிறேன் என்ற செய்தி டீச்சர் வரைக்கும் போய்விட்டது.

அப்புறம் ஆரம்பித்தது அந்தத் தேர்வு. இரண்டு மாதம். தறியை விட்டு இறங்கியதும் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். படகுக்காரர்கள் போட்டிருக்கிற படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்ப்பார். ஆங்கிலத்தில் ஜனங்கள் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்வது என் வேலை.

"இவுங்க இன்னா எழுதிகீறாங்க, படி."

"ரொம்ப நல்லா இருந்துச்சாம்ப்பா. டால்பின் பாத்தாங்களாம்."

"அத்த வுடு. கொறை இன்னா சொல்லிகீறாங்க, அத்தப் படி."

எங்கோ ஒருத்தருக்கு வாந்தி வந்ததாக எழுதியிருப்பார். போதும், அந்தப் படகு தள்ளுபடி. இன்னொருத்தர் படகுக்காரர் கடுகடுவென்று பேசினார் என்று எழுதியிருப்பார். அதுவும் போயிற்று. முப்பது படகாவது இப்படி எங்கள் வீட்டுத் தறிக்குப் பக்கத்திலேயே மூழ்கியிருக்கும். கடைசியில் ஒன்றையும் பதிவு செய்யவில்லை. "போன்ல பாத்து எடுக்கிறதுக்கு இது இன்னா செருப்பா? நேர்ல போயி தொட்டுப் பாத்து எடுக்கலாம்" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

தறியில் ஏற்றியிருந்த பாவு நூல் நெய்து முடிந்து, முதலாளியிடமிருந்து அடுத்த பாவு வருவதற்குள் கிடைத்த சில நாட்களில் கிளம்பினோம். விழுப்புரம் போய் இரயில் ஏறி, இறங்கி, பஸ் பிடித்து, காலை ஏழரைக்கெல்லாம் அந்தக் கரையில் நின்றோம். படத்தில் பார்த்த அதே பாறைகள். அலை வந்து மோதி, பாறை உயரத்துக்கு வெள்ளையாக எழும்பிற்று. அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள். அவளும் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தாள். அன்று சாயங்காலமே எங்களுக்குத் திரும்புகிற இரயில். காலை ஒன்றுதான் கையில் இருந்தது.

மணலில் ஏழெட்டுப் படகுகளை வரிசையாக ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். அப்பா முதல் படகிலிருந்து தொடங்கினார். நிழலுக்குக் கூரையும் பாட்டுப் பெட்டியும் வைத்த படகு அது. "சாயம் வெளுத்துப் போயிகீது" என்றார். அடுத்ததில் டீசல் நாற்றம். மூன்றாவது படகுக்காரர் எத்தனை பேர் என்று அவசரமாகக் கேட்டாராம். அவசரப்படுகிறவன் சரக்கு சரியாக இருக்காதாம். நான்காவது, ஐந்தாவது எல்லாவற்றையும் சுற்றிச் சுற்றி வந்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது. நாங்கள் நிற்கும்போதே எங்களுக்குப் பின்னால் வந்த ஒரு குடும்பம் முதல் படகில் ஏறி, பாட்டுப் போட்டுக்கொண்டு, பாறையைச் சுற்றி மறைந்துபோயிற்று.

ஆறாவது படகு நீல நிறம். அதன் சொந்தக்காரர் ஒல்லியான மனிதர், கட்டம் போட்ட சட்டை. அப்பாவை அவர் அவசரப்படுத்தவில்லை. என்னைக் கூப்பிட்டு ஒரு தூண்டில் கயிற்றைக் கையில் கொடுத்தார். நுனியில் ஈயக்குண்டு. அதை ஆள்காட்டி விரலில் எப்படித் தொங்கவிட வேண்டும் என்று காட்டினார்.

"மீன் கடிச்சா மொதல்ல வெரலுக்குத் தெரியும், கேட்டியா மக்களே. கண்ணு அதுக்கப்புறந்தான்" என்றார்.

நான் விரலில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு நின்றேன். ஏறிவிட்ட மாதிரியே இருந்தது. அப்பா மிதவைச் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தையலைப் பார்த்தார். படகின் விளிம்பில் கட்டை விரலை ஓட்டிக்கொண்டே போனார். பிறகு, "உள்பக்கம் பாக்கணும்" என்றார்.

"ஏறிப் பாருங்க அண்ணே."

"அந்த உள்பக்கம் இல்ல. அடிப்பக்கம். திருப்பிக் காட்டுங்க."

படகுக்காரருக்குப் புரியவில்லை. அம்மாவுக்கும் எனக்கும் புரிந்துவிட்டது. எங்கள் ஊரில் பட்டுப் புடவையை யாரும் முன்பக்கம் பார்த்து மதிப்பதில்லை. முன்பக்கம் எல்லாப் புடவையும் அழகாகத்தான் இருக்கும். திருப்பிப் போட்டால்தான் முடிச்சு எங்கே, இழை அறுந்து ஒட்டியது எங்கே, ஜரிகை தொங்குவது எங்கே என்று தெரியும். அதற்காகப் படகைத் திருப்பச் சொல்லுகிற ஆளை உலகத்தில் யாராவது பார்த்திருப்பார்களா? நான் பார்த்தேன். என் அப்பாவாகப் போய்விட்டார்.

அந்த மனிதர் கடலைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். அன்று காலையில் அவருக்கு வேறு யாரும் வரவில்லை. "காத்து மாறுறதுக்கு முன்னாடி போவணும் அண்ணே, பாத்துக்கிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, எஞ்சினைக் கழற்றி மணலில் வைத்தார். டீசல் கேன், ஐஸ் பெட்டி, நங்கூரக் கயிறு எல்லாவற்றையும் இறக்கினார். பக்கத்துப் படகுக்காரர்கள் மூன்று பேரைக் கூப்பிட்டார். நான்கு பேருமாக மூச்சுப் பிடித்து, அந்தப் படகைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அப்பா குனிந்து பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஒட்டு இருந்தது.

"இது இன்னா?"

"பாறையில ஒரசினதாக்கும். ஒட்டியாச்சு. சொட்டுத் தண்ணி ஏறாது."

"இன்னாப்பா இது, டேமேஜ் பீஸுன்னா முன்னாடியே சொல்லணும்ல? நான் திருப்பிப் பாக்கலன்னா அப்பிடியே தள்ளிவுட்டுருப்ப, இல்ல?"

வந்ததிலிருந்து எல்லோரையும் வாங்க போங்க என்று பேசிக்கொண்டிருந்த அப்பா, அந்த ஒட்டைப் பார்த்த மாத்திரத்தில் எப்படி மாறினார் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. குரலே வேறு குரல். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். எங்கள் வீட்டில் அப்படி அவர் நின்று நான் பார்த்ததே இல்லை. படகுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"இரு, யோசிச்சு சொல்றேன். அப்பிடி ஓரமா நில்லு, கூப்புடுறேன்."

தன் படகுக்குப் பக்கத்திலேயே நிற்கிற மனிதரைப் பார்த்து ஓரமாக நில் என்றார் என் அப்பா. அவரும் போய் நின்றார். அது எனக்கு இன்றுவரை ஆறவில்லை. அம்மா, "ஏங்க, போதும் வாங்க, ஏறலாம்" என்று மெதுவாகச் சொன்னாள். அப்பா காதில் அது விழவில்லை. கரையில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். அரை மணி நேரம் அப்படி நடந்திருப்பார். பிறகு வந்து, பெரிய மனது பண்ணுகிறவர் போல, "செரி, எறக்கு. போலாம்" என்றார்.

படகுக்காரர் கடலைக் காட்டினார். "இனி முடியாது. காத்து மாறிப்போச்சு. இந்த அலையில பாறைக்கிட்ட எவனும் வள்ளம் கொண்டுபோவ மாட்டான்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலாம். சாதாரணமாகத்தான் சொன்னார். என்னிடம் வந்து, என் விரலிலிருந்து கயிற்றைப் பிரித்து, ஒழுங்காகச் சுற்றி எடுத்துக்கொண்டார். விரலில் கயிறு பதிந்த தடம் சிவப்பாக இருந்தது. அம்மா அவரிடம், "மனசுல வெச்சிக்காதீங்கண்ணா" என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டு எஞ்சினைத் தூக்கப் போனார்.

நான் அப்பாவைப் பார்த்து, "உன்னாலதான். இனிமே உன்கூட நான் பேச மாட்டேன்" என்றேன்.

சொன்னபடி பேசவில்லை. இரயிலில் பேசவில்லை. வீட்டில் பேசவில்லை. பள்ளிக்கூடம் திறந்ததும் இத்தனை பெரிய மீனைப் பிடித்தேன் என்று கையை விரித்துக் காட்டிப் பொய் சொன்னேன். என்ன மீன் என்று ஒரு பையன் கேட்டான். பெயர் தெரியாமல் விழித்தேன், எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் கோபத்தையும் அப்பா தலையிலேயே சேர்த்து வைத்தேன். பொங்கலுக்குப் புதுத்துணியை அவர் நீட்டியபோது அம்மாவைப் பார்த்து, "அங்க வெச்சிடச் சொல்லும்மா" என்றேன். அவர் என்னைப் பேசவைக்கப் பார்த்தார். தறியில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்து முகத்தை அஷ்டகோணலாக்குவார். நான் திரும்பிக்கொள்வேன். ஒன்றரை மாதம். பத்து வயதுப் பெண்ணுக்கு எங்கிருந்து அத்தனை பிடிவாதம் வந்ததோ. அப்பா பிள்ளைதானே.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முடிந்த புடவைகளை முதலாளி வீட்டில் கொடுத்துவிட்டு அடுத்த பாவு வாங்கிவர அப்பா கிளம்பினார். பையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அம்மா என்னை வண்டியில் ஏற்றிவிட்டாள். அந்த வீட்டுக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. தரையில் வெள்ளைத் துணி விரித்து, பட்டப்பகலில் டியூப் லைட் போட்டு, முதலாளி திண்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். புடவையை விரித்தார். முன்பக்கம் பார்க்கவே இல்லை, சட்டென்று திருப்பினார்.

"இன்னாப்பா இது, இங்க ஒட்டு தெரியுது. டேமேஜ் பீஸுன்னா முன்னாடியே சொல்லணும்ல?"

"இழ அறுந்துச்சி மொதலாளி. முன்னாடி பக்கம் தெரியாது."

"ஓரமா நில்லு. கூப்புடுறேன்."

அப்பா செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் போய், கைகளை முன்னால் கட்டிக்கொண்டு நின்றார். எனக்கு ஒரே வியப்பு. இந்த ஆள் எங்கள் அப்பா மாதிரியே பேசுகிறாரே. அச்சு அசல் அதே வார்த்தைகள். நன்றாக வேண்டும் என்று தோன்றிற்று. அந்த நீலப் படகுக்காரர் இங்கே இருந்து பார்க்க வேண்டும் என்று தோன்றிற்று. யாரிடமிருந்து யார் கற்றுக்கொண்டது என்பது மட்டும் தோன்றவில்லை. சந்தோஷத்தில் அப்பாவைப் பார்த்து நன்றாகச் சிரித்தேன்.

அப்பா பார்த்துவிட்டார். ஒன்றரை மாதமாக முகம் கொடுக்காத மகள் சிரித்துவிட்டாள். அவரும், நிற்கிற இடத்தை மறந்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

முதலாளி நிமிர்ந்தார். "இன்னா இளிப்பு? கொறை சொன்னா உனக்குச் சிரிப்பா கீதா?"

"அய்யோ, இல்ல மொதலாளி. கொழந்த சிரிச்சிது, அதான்."

"அப்ப கொழந்தையோடவே வெளையாடிகினு இரு. பாவு இப்ப இல்ல. சொல்லி அனுப்புறேன்."

வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது, "கோவம் போச்சா?" என்று கேட்டார். "போச்சு" என்றேன். ஜெயித்துவிட்ட நினைப்பு எனக்கு. இப்போது அந்தப் பத்து வயதுப் பெண்ணின் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருக்கிறது. அந்த முதலாளியை என்ன செய்யலாம் என்று நான் யோசித்து வைத்திருப்பதை இங்கே எழுத முடியாது.

பங்குனி முடியும்வரை முதலாளியிடமிருந்து ஆள் வரவில்லை. தறி வெறுமனே கிடந்தது. அப்பா எங்கிருந்தோ ஒரு தூண்டில் முள் வாங்கிவந்து, தினமும் சாயங்காலம் என்னை ஏரிக்கரைக்கு அழைத்துப்போனார். கெண்டை ஒன்று, ஜிலேபி இரண்டு பிடித்தேன். என் சின்ன வயதில் அதைவிட நல்ல நாட்கள் இல்லை. அந்தப் பாழாய்ப்போன பாவு வந்துவிட்டால் அப்பா மறுபடி தறியில் போய் உட்கார்ந்துவிடுவாரே என்று எனக்குப் பயம். அம்மா விளக்கேற்றும்போது நானும் பக்கத்தில் போய் நின்று, பாவு வரக் கூடாது, வரவே கூடாது என்று கண்ணை இறுக மூடி வேண்டிக்கொள்வேன். கண்ணைத் திறந்தால் அம்மா இன்னும் கண்ணை மூடியபடியே நின்றுகொண்டிருப்பாள். அவளும் அதைத்தான் வேண்டுகிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.