திறந்த குழாய்க்கு ஐம்பது இறாத்தல்

வரைபடத்தில் வடிவமைப்பு அழுத்தம் என்ற கட்டத்துக்குள் நான் எழுதியிருந்த பூச்சியத்தை எங்கள் படவரைஞர் அழித்துக்கொண்டிருந்தார். எழுபதுகளின் தொடக்கம். ஊர்காவற்றுறையில் எழும்பிக்கொண்டிருந்த ஐஸ் தொழிற்சாலைக்கு நான் பொறியியலாளர். வேலணையிலிருந்து பஸ்ஸில் வரும் அவர் என்னிலும் நாலைந்து வயது மூத்தவர். படம் கீறுவது மட்டும்தான் அவர் வேலை என்று நான் எண்ணியிருந்த காலம்.

குளிரூட்டும் அமோனியா வாயுவின் அழுத்தம் எல்லை மீறினால் பாதுகாப்பு வால்வு திறந்து, அதை ஒரு குழாய் வழியே கூரைக்கு மேலே வெளியேற்றிவிடும். குழாயின் நுனி ஆகாயத்தைப் பார்த்துத் திறந்தே கிடப்பதால் உள்ளே அழுத்தம் ஏது, மெல்லிய தகட்டுக் குழாய் போதும் என்பது என் முடிவு.

"வாய் திறந்துதான் கிடக்கு சேர். ஆனா அவ்வளவு வாயுவும் ஒரேயடியாய் வெளியில போக ஏலாது. நீட்டுக் குழாய், ஆறு வளைவு. அடியில நெருக்கி அழுத்தம் ஏறும்," என்றார். இரண்டு தாள் நிறையக் கணக்குப் போட்டிருந்தார். சதுர அங்குலத்துக்கு ஐம்பது இறாத்தல் தாங்கும் தடித்த குழாய் வேண்டுமாம்.

அது கொழும்பிலிருந்து வர மூன்று கிழமை செல்லும். இறால் பருவமோ தொடங்கிவிட்டது. நான் கத்தினேன். அவர் குரல் உயரவில்லை.

"இறால் துப்புரவாக்கிற பெண்டுகளின்ர தலைக்கு மேலாலதான் குழாய் போகுது. பூச்சியம் போட்டு நான் கீறமாட்டன்."

அந்தத் தாள்களில் பிழை தேடினேன், கிடைக்கவில்லை. முதலாளியிடம் நானே போய் மூன்று கிழமைத் தவணை கேட்டு வாங்கினேன்.

தொழிற்சாலை திறந்த இரண்டாம் மாதம், ஒரு நடுப்பகலில், வாயுவைக் குளிர்விக்கும் தண்ணீரை இறைக்கும் பம்பி நின்றுபோய், அழுத்தம் ஏறியது. யந்திரத்தை நிறுத்துமுன் வால்வு திறந்துகொண்டது. குழாய் கப்பல் ஊதுவதுபோல் அலறியது. இறால் கொட்டகைப் பெண்கள் வெளியே ஓடினார்கள். குழாயின் அடியில் பொருத்தியிருந்த அழுத்தமானியின் முள் முப்பதைத் தாண்டி நடுங்கியது. என் மெல்லிய குழாய் அப்போதே கிழிந்திருக்கும். இதிலோ ஒரு மூட்டும் விடவில்லை. வாயு முழுவதும் கூரைக்கு மேலே எழுந்து, சோளகக் காற்றோடு கடற்பக்கம் கலைந்துபோனது. கீழே ஒருவருக்கும் கண்கூடக் கரிக்கவில்லை.

குழாய் பொருத்திய பிற்றர் ஏணி வைத்து ஏறி ஒவ்வொரு மூட்டாகத் தட்டிப் பார்த்துவிட்டு, கீழே நின்ற படவரைஞரைப் பார்த்துக் கத்தினார். "அக்கா, ஒண்டும் அசையேல்லை!"

பெண்கள் ஆரவாரித்தார்கள். ஒருத்தி படவரைஞரின் கையைப் பிடித்தாள். "நீங்களே இதைக் கீறினது?"

"கீறினது மட்டுமில்லை, கணக்கும் அவதான் போட்டவ. நான் பிழையாய்ச் சொன்னனான்," என்றேன், எல்லோருக்கும் கேட்க.

பிறகு எத்தனையோ தேசங்களில் பெரிய ஆலைகள் கட்டியிருக்கிறேன். தோற்றுப்போனதற்காக இவ்வளவு மகிழ்ந்தது அன்று மட்டுந்தான். அவர் முகம் முழுக்கச் சிரித்தார்.

"அது சரி சேர், பம்பியைப் பாருங்கோ. ஐஸ் உருகுது."