அடி தெரியாத தண்ணீர்

நீச்சல் குளத்தின் கேட்டில் அந்தத் தாளை ஒட்டிய அன்று பெண்கள் எல்லாரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். மறு அறிவிப்பு வரும்வரை குளம் மூடப்படுகிறது என்று இரண்டே வரி. மாலை நான்கு மணிக்கு வந்தவர்கள் துண்டும் பையுமாக வெயிலில் நின்றார்கள். ஒருத்தி அழுதேவிட்டாள். "உங்களுக்கு வேலையும்ல போச்சு அக்கா" என்று இன்னொருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனேன். உடை மாற்றும் அறைக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத இடத்தில், சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். இரண்டு வருடமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனது. அழுகை வரவில்லை. பசித்தது.

நான் உடைந்துபோயிருப்பேன் என்று நினைத்து வீட்டுக்காரர் கடையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டார். வழியில் வெள்ளைப் பணியாரம் வாங்கி வந்திருந்தார். ஆறையும் நானே தின்றேன்.

"என்னடி, வேலை போனவ மாதிரியா இருக்கே?" என்றார்.

அவரிடம்கூட நான் முழுதாகச் சொன்னதில்லை.

எனக்குச் சொந்த ஊர் தேவகோட்டைப் பக்கம். ஊரணியில் நீந்திப் பழகி, பள்ளிக்கூடத்தில் நீச்சல் போட்டிக்கெல்லாம் போனவள். காரைக்குடியில் வாக்கப்பட்டபின் பல வருடம் தண்ணீர் என்றால் குடத்துத் தண்ணீர்தான். பிறகு ஊர்ப் பொது நீச்சல் குளத்தில் பெண்களுக்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்கினார்கள். உயிர்காவலுக்கு நீச்சல் தெரிந்த பெண் வேண்டும் என்றார்கள். பயிற்சிக்குப் போய் வந்து, விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றபோது எனக்கு வயது முப்பத்தெட்டு.

முதல் சில வருடங்கள் சொர்க்கம்தான். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். குளத்தின் அடியில் நீளவாக்கில் ஓடும் கறுப்புக் கோடுகள் ஆறும் மேலே நின்றாலே தெரியும். யாராவது ஹேர்பின்னைத் தவறவிட்டால்கூட விழுந்த இடத்தைக் கையால் காட்டுவேன். தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு இறங்காதீர்கள் என்று தினமும் கத்துவதைத் தவிர எனக்கு வேறு தொல்லை இல்லை.

ஆச்சி ஒருவர் முதல் மாதத்திலிருந்தே வந்துகொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும். பெரிய வீடு, பிள்ளைகள் வெளிநாட்டில். முழங்கால் வலிக்கு டாக்டர் நீந்தச் சொன்னாராம். நீச்சலைவிட மிதப்பதுதான் அவருக்குப் பிடிக்கும். ஆழமான பக்கம் போய், மல்லாந்து, கண்ணை மூடிக்கொண்டு கிடப்பார். "இந்த ஒரு மணி நேரம் எனக்குக் காலே இல்லை ஆத்தா" என்று சிரிப்பார்.

பிறகு குளத்தை நடத்தும் குத்தகை கைமாறியது. புது ஆட்கள் மோட்டாரைப் பாதி நேரம்தான் ஓட்டினார்கள். ஃபில்டரில் மணல் மாற்றவில்லை. தண்ணீர் முதலில் பால் கலந்த மாதிரி ஆனது. மழைக்காலத்தில் பச்சை தட்டியது. கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. மேலாளரிடம் போய்ச் சொன்னேன். "ரெண்டு நாள்ல தெளிஞ்சிரும்க்கா, குளோரின் போட்ருக்கு" என்பார். குளோரின் வாடை கண்ணை எரிக்கும், தண்ணீர் தெளியாது.

அப்படி ஒரு மாலையில்தான் அது நடந்தது. பதினெட்டுப் பேர் தண்ணீரில் இருந்தார்கள். ஆச்சியின் செருப்பும் துண்டும் பெஞ்சடியில் இருந்தன. ஆச்சியைக் காணோம். பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டேன்.

"பாத்ரூமுக்குப் போயிருப்பாக அக்கா."

ஓடிப்போய்ப் பார்த்தேன். அங்கே இல்லை. திரும்பி வந்து தண்ணீரைப் பார்த்தேன். பச்சையாக, அமைதியாக இருந்தது. விசிலை ஊதி எல்லாரையும் வெளியே ஏறச் சொல்லிவிட்டு ஆழமான பக்கம் குதித்தேன். கண்ணைத் திறந்தால் என் கையே எனக்குத் தெரியவில்லை. அடியைக் கையால் துழாவினேன். மூச்சு முட்டி மேலே வந்து மறுபடி இறங்கினேன். மூன்றாவது தடவை விரலில் துணி தட்டியது.

இழுத்துக் கரையில் போட்டு நெஞ்சை அழுத்தினேன், வாயில் காற்று ஊதினேன். எத்தனை தடவை என்று நினைவில்லை. திடீரென்று இருமித் தண்ணீரைக் கக்கினார். ஆம்புலன்ஸ் வந்தது. சர்க்கரை இறங்கி மயங்கியிருக்கிறார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நான்காம் நாள் வீடு திரும்பிவிட்டார்.

ஆச்சி முங்கியதை நான் பார்த்துவிட்டு உடனே குதித்ததாக ஊரே பேசியது. மேலாளர் எனக்குப் பொன்னாடை போர்த்தி போட்டோ எடுத்துக்கொண்டார். அப்படி இல்லை என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

மாதம் திரும்புமுன் ஆச்சி டப்பா நிறைய மனகோலப் பலகாரத்தோடு வந்தார். "இனிமே நீ கரையில இருந்தா மட்டுந்தான் இறங்குவேன். நீ பாத்துக்கிட்டு இருக்கும்போது எனக்கு என்ன பயம்?" என்றார்.

அதற்குப்பின் எனக்கு நிம்மதி போயிற்று. தண்ணீரில் தலைகளை எண்ணிக்கொண்டே இருப்பேன். பதினாறு, பதினேழு, ஒன்று குறைகிறதே என்று மறுபடி முதலிலிருந்து எண்ணுவேன். வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தாலும் தலைகளை எண்ணுவேன். தண்ணீர் ரொம்ப மோசமான நாட்களில் கேட்டைத் திறக்கமாட்டேன் என்று சண்டை போட்டேன். "இஷ்டமில்லைன்னா நின்னுக்கங்க. டிக்கெட் குடுக்குற பிள்ளைகிட்ட விசிலைக் குடுத்துடுறேன்" என்றார் மேலாளர். அந்தப் பெண்ணுக்கு நீச்சலே தெரியாது. அதனால் என்னால் வேலையை விடவும் முடியவில்லை.

இரண்டு வருடம் அப்படிப் போனது. குத்தகையைப் புதுப்பிக்கும் முன் பார்வையிட ஓர் அதிகாரி வந்தார். எல்லாம் நன்றாக இருக்கிறதென்று சொல்லும்படி மேலாளர் காலையிலேயே எனக்குச் சொல்லி வைத்திருந்தார்.

"தண்ணியெல்லாம் எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார் அதிகாரி.

என் டிபன் பாக்ஸின் எவர்சில்வர் மூடி வெள்ளையாகப் பளிச்சென்று இருக்கும். அதைக் கழற்றித் தண்ணீரில் போட்டேன். ஒரு முழம் இறங்குமுன் காணாமல் போனது.

"இதுக்குள்ள ஆள் விழுந்தா எனக்குத் தெரியாது சார்" என்றேன்.

அவர் நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். பதினைந்தாம் நாள் கேட்டில் தாள் ஒட்டினார்கள்.

மூடிய மறு வாரம் ஆச்சி என் வீட்டுக்கு வந்தார். கையில் மனு. குளத்தை உடனே திறக்கவேண்டும் என்று அறுபது பெண்களிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்.

"எவனோ போட்டுக் குடுத்திருக்கான் ஆத்தா. முதல் கையெழுத்து உன்னுதாத்தான் இருக்கணும்னு மேல இடம் விட்டு வச்சிருக்கேன்."

பேனாவை வாங்கினேன். எழுத முடியவில்லை.

"நான்தான் ஆச்சி சொன்னேன்."

"என்னத்தைச் சொன்னே?"

டிபன் பாக்ஸ் மூடியைச் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. "அறுபது பேரு வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிட்டியே! உன்னையப் போயி…" என்று எழுந்துவிட்டார். அப்போதுதான் மீதியையும் சொன்னேன்.

"அன்னைக்கு நீங்க முங்குனதை நான் பாக்கலை ஆச்சி. அடியில கிடந்ததும் தெரியலை. தடவிப் பாத்தேன், மூணாவது தடவை உங்க துணி கையில பட்டுச்சு. படாம இருந்திருந்தா…"

ஆச்சி மெல்ல மறுபடி உட்கார்ந்தார்.

"இத்தனை நாளும் நீ பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டிருக்கேன்னுல்ல நினைச்சேன்?"

"தெரியும் ஆச்சி. அதான் சொல்ல முடியலை."

தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். குடித்துவிட்டு மனுவை மடியில் விரித்தார். என் கையிலிருந்த பேனாவை வாங்கி, "உடனே" என்ற சொல்லை அடித்துவிட்டு, அதன் மேல் நிதானமாக எழுதினார்: ஃபில்டரை மாற்றி, அடி தெரியுமளவு தண்ணீரைச் சுத்தம் செய்த பிறகு.

"இப்பப் போடுவியா?"

போட்டேன்.

"உன் மேல கோவம் இன்னும் போகலை" என்று சொல்லிவிட்டுத்தான் படி இறங்கினார். அடித்துத் திருத்தியதற்காக அந்த அறுபது பேர் வீட்டுக்கும் மறுபடி ஏறி இறங்கினார் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

குளம் இன்னும் திறக்கவில்லை. புது ஃபில்டருக்கு ஒப்புதல் ஆகிவிட்டது என்கிறார்கள். ஆச்சிக்கு முழங்கால் வலி திரும்பிவிட்டது. அதற்கு நான்தான் காரணம் என்று போனில் திட்டுகிறார். திட்டி முடித்ததும், மத்தியானம் என்ன குழம்பு வைத்தாய் என்று கேட்கிறார்.

நான் இப்போது தேவகோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. எறிபந்து, கபடி, ஓட்டம், எல்லாம் தரைமேல். யார் விழுந்தாலும் நின்ற இடத்திலிருந்தே தெரிகிறது. போன மாதம் பள்ளிக்கூடம் விட்டுத் திரும்புகையில் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள் அப்படியே தூங்கிப்போனேன். என் நிறுத்தம் தாண்டிப் பஸ் ஸ்டாண்டே வந்துவிட்டது. "அக்கா, இறங்கலையா? எல்லாரும் போய்ட்டாக" என்று கண்டக்டர் கம்பியைத் தட்டினார்.

பஸ்ஸில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியவே தெரியாது.