முடிவை மாற்றச் சொன்னவர்

வாஷிங் மெஷினின் பின்மூடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்து, பெல்ட்டை உருவிக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு, ஒரு கையை டிரம்முக்குக் கீழே விட்டுத் துழாவியபடி, இன்னொரு கையால் போனில் பேசிக்கொண்டிருக்கிறார் மெக்கானிக். "அஞ்சு பார்ட்டுய்யா! அஞ்சு பார்ட்டா அவனைப் பனியிலயும் சேத்துலயும் நடக்க விட்டுட்டு, கடைசில ஆத்தங்கரையில குந்த வெச்சிட்டானுங்க. மனசாட்சின்னு ஒண்ணு வேணாம்?" ஈரத்துணி மூட்டையோடு வாசற்படியில் நிற்கும் வீட்டுக்கார அம்மாள், யாரோ நெருங்கிய சொந்தத்துக்கு ஏதோ ஆகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, தன் முகத்தையும் கொஞ்சம் சோகமாக வைத்துக்கொள்கிறாள்.

துக்கம் என்னவோ நிஜம்தான். ஆனால் செத்தவர் யாருமில்லை. ஒரு வீடியோ கேம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

'மறுகரை' என்று பெயர். போருக்குப் போன ஒரு சிப்பாய் தன் மகளைப் பார்க்க வீடு திரும்புகிற கதை. மீசை சரியாக முளைக்காத வயதில் முதல் பாகத்தை ஆடத் தொடங்கியவர் நம்முடைய மெக்கானிக்; இப்போது மீசையில் நரை எட்டிப் பார்க்கிறது. ஐந்தாம் பாகத்தின் கடைசியில் சிப்பாய் ஆற்றங்கரைக்கு வந்து சேர்கிறான். எதிர்க்கரையில் வீடு தெரிகிறது. படகு இல்லை. உட்காருகிறான். திரை இருட்டாகிறது. படம் வரைந்தவர், பாட்டுப் போட்டவர், டீ வாங்கிக் கொடுத்தவர் என்று பெயர்கள் ஓட ஆரம்பித்துவிடுகின்றன. அன்றைக்கு மெக்கானிக் சாப்பிடவில்லை. மறுநாள் இரண்டு பேர் சாப்பாட்டைச் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டுப் போராட்டத்தில் இறங்கினார்.

தொழிலில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஓடுகிற மெஷின்மேல் காதை வைத்தே "பேரிங் போச்சுக்கா" என்று சொல்லிவிடுவார், போயிருக்கும். ஆனால் எல்லாவற்றையும் பிரித்துத் தரையில் பரப்பிய பிறகு, "இதோ வந்துடுறேன், ஒரு பார்ட் வாங்கணும்" என்று எழுந்து போவார் பாருங்கள், அங்கேதான் இருக்கிறது சங்கதி. போனவர் போனவர்தான். அந்த வட்டாரத்தில் எத்தனையோ மெஷின்கள் முதுகைத் திறந்து போட்டுக்கொண்டு அவருக்காகக் காத்திருக்கின்றன. திரும்பி வந்தாலும், மூடியை மாட்டும்போது கடைசி ஸ்க்ரூவைப் போட மாட்டார். "அது இல்லாட்டியும் நிக்கும்" என்று சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். துவைக்கப் போடும் சட்டையிலிருந்து அவர் மனைவி பொறுக்கியெடுத்த ஸ்க்ரூக்களால் ஒரு டப்பா நிறைந்துவிட்டது. இப்பேர்ப்பட்ட மனிதருக்குத்தான், ஒரு கதையை அரைகுறையாக முடித்துவிட்டார்களே என்று அடிவயிறு எரிகிறது!

'முடிவை மாற்று' என்று ஒரு குரூப் தொடங்கினார். ஆட்கள் வந்து குவிந்தார்கள். அடேயப்பா, உலகத்தில் இத்தனை பேருக்கா வேறு வேலையில்லை என்று மலைக்கிற அளவுக்குக் கூட்டம். எல்லோரும் அவரை 'தலைவர்' என்று கூப்பிட, மனிதருக்கு நடையே மாறிப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உரையாற்றுவார். "ஒரு படகு! ஒரே ஒரு படகு கேக்கறோம். அதை வரைஞ்சு விட உங்களுக்குக் கை வலிக்குதா?" கேட்பவர்கள் கொதிப்பார்கள். கதை எழுதியவனைப் பிடித்து அதே ஆற்றங்கரையில் உட்கார வைக்க வேண்டும் என்று ஒருமனதாக முடிவு செய்வார்கள்.

அவ்வப்போது ஒருவர் தயங்கித் தயங்கி, "எனக்குப் படகு வந்துச்சே தலைவரே" என்று எழுதுவார். தலைவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். "கம்பெனிக் கைக்கூலி" என்று ஒரே வரி. அடுத்த நொடி ஆள் நீக்கம். ஸ்க்ரூ போடச் சோம்பேறித்தனப்படும் அந்த விரலுக்கு இதில் மட்டும் அப்படியொரு சுறுசுறுப்பு. சும்மா சொல்லக்கூடாது, குரூப்பைச் சுத்தமாக வைத்திருந்தார்.

அவர் மனைவிக்கு, போனில் வாடிக்கையாளர் குறைகளைக் கேட்கிற உத்தியோகம். பகல் முழுக்க ஊரார் புலம்பலைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் இங்கே இன்னொரு வாடிக்கையாளர். மாடிப்படியில் வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு மனைவி சோபாவில் கிடந்த நாட்களில்தான் மெக்கானிக்குக்கு அந்த யோசனை வந்தது. "சும்மாதானே படுத்திருக்க, முதல் பார்ட்லேருந்து ஆடிப் பாரு. அப்பத்தான் என் வயித்தெரிச்சல் உனக்கும் புரியும்" என்று ரிமோட்டைக் கையில் திணித்தார்.

முதல் பாகத்தில் ஒரு கிழட்டுப் படகோட்டி வருவான். கவிழ்ந்த படகுக்கு அடியில் கால் மாட்டிக் கிடப்பான். படகை நெம்பித் தூக்க ஒரு கட்டை வேண்டும். கட்டை இருப்பதோ மலைக்கு அந்தப் பக்கம். போய் எடுத்து வருகிறேன் என்று சிப்பாய் சொல்லிவிட்டுக் கிளம்புவான். அதற்குப் பிறகு படகோட்டியைப் பற்றி யாரும் ஞாபகப்படுத்துவதில்லை.

மனைவி மலையேறிக் கட்டையோடு திரும்பி நடப்பதைப் பார்த்த மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ, அந்தக் கிழவனை விட்டுத்தொலை! குறுக்கு வழியில போனா அப்படியே கோட்டைக்குப் போயிடலாம். நாங்க யாருமே திரும்பிப் போனதில்ல."

"வர்றேன்னு சொல்லிட்டுதானேங்க வந்தோம்? கால் மாட்டிக்கிட்டா எப்படி வலிக்கும்னு எனக்குத் தெரியும்."

"அது கேம்மா! சொன்னதையெல்லாம் செய்யணுமா?"

"வீட்லயும் அப்படித்தானே" என்றார் மனைவி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். மெக்கானிக் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "இதோ வந்துடுறேன்" என்று எங்கேயோ கிளம்பிவிட்டார்.

மனைவி ஐந்தாம் பாகத்தின் முடிவுக்கு வந்து சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை, குரூப்பில் என்றுமில்லாத கூட்டம். உரைக்கு முன் தொண்டையை நனைத்துக்கொள்ளத் தண்ணீர் எடுக்க வந்தவர், மனைவி கடைசிக் காட்சியில் இருப்பதைப் பார்த்து நின்றார். ஆற்றங்கரை. எதிரே வீடு. சிப்பாய் உட்கார்ந்தான்.

"பாத்துக்க, இப்ப இருட்டிடும். அவ்ளோதான் கதை. இதுக்குத்தான் இத்தனை வருஷம்!"

இருட்டவில்லை. துடுப்பு தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது. மூடுபனிக்குள்ளிருந்து ஒரு படகு வந்தது. அதிலிருந்து காலை இழுத்து இழுத்து இறங்கினான் அந்தக் கிழவன். "ஏறுய்யா, வீட்டுக்குப் போகலாம்" என்றான்.

மெக்கானிக்கின் கையிலிருந்த செம்பு சாய்ந்து தண்ணீர் கால்மேல் கொட்டியது. அவருக்குத் தெரியவில்லை. சோபாவின் கைப்பிடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். படகு நகர்ந்தது, கதவு திறந்தது, மகள் ஓடி வந்தாள். "அடேய்... வீடு போய்ச் சேந்துட்டான்டா" என்று யாரிடமோ சொன்னார். மனைவி அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார். சிரித்துக்கொண்டேதான் தட்டினார், ஆனாலும் பாசமாகத்தான்.

"பாவம், உங்க ஆளுங்ககிட்ட சொல்லிடுங்க. முதல் பார்ட்டுக்குத் திரும்பிப் போய் அந்த மனுஷனைத் தூக்கி விட்டுட்டு வந்தா, எல்லாருக்கும் படகு வந்துடும். போராட்டமே வேணாம்."

மெக்கானிக் அப்போதுதான் கால் நனைந்திருப்பதைப் பார்த்தார். கதை சரியாகத்தான் முடிந்திருக்கிறது. அரைகுறையாக விட்டது தானேதான். தயங்கித் தயங்கி எழுதியவர்கள், 'கைக்கூலி' பட்டம் வாங்கிப் போனவர்கள், ஒவ்வொருவராக அவர் கண்முன் வரிசையில் வந்து நின்றார்கள். இதைச் சொன்னால் அப்புறம் தலைவர் ஏது? ஞாயிற்றுக்கிழமை மதியம் ஏது? முதுகைத் திறந்துபோட்ட மெஷின்கள்தான் மிச்சம்.

"சொல்றேன், சொல்றேன். நேரம் பாத்துச் சொல்லணும்" என்றார்.

"இன்னிக்கே சொல்லுங்க. இல்லேன்னா இந்தக் காட்சியைப் படம் புடிச்சு நானே போட்டுடுறேன். நானும் குரூப்லதானே இருக்கேன்."

"நீயா? என்ன பேர்ல?"

"ஒத்தக்கால்."

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒத்தக்கால்! தலைவர் என்ன பேசினாலும் முதல் ஆளாகக் கைதட்டல் போடுகிற ஒத்தக்கால். 'தொண்டை கட்டியிருக்கு போல, சுடுதண்ணி குடிங்க தலைவரே' என்று போன வாரம் எழுதிய ஒத்தக்கால். தன்னுடைய ஒரே உண்மையான தொண்டன் என்று அவர் பத்துப் பேரிடம் பெருமையடித்திருக்கிறார்.

"என்ன, சொல்லுவீங்கல்ல?" என்றார் மனைவி.

"இதோ வந்துடுறேன்" என்று எழுந்தார் மெக்கானிக்.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். ஹெட்போனை மாட்டினார். 'தலைவரே வணக்கம்', 'தலைவரே ஆரம்பிங்க' என்று திரை கொள்ளாமல் ஏறிக்கொண்டிருந்தது. மைக்கை வாய்க்கு நேரே இழுத்து வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "நண்பர்களே" என்று தொடங்குவதற்கு முன்னால், உறுப்பினர் பட்டியலில் விரலை இறக்கி, ஒத்தக்காலைத் தேடிப் பிடித்து, நீக்கினார்.