இரவல் சங்கிலியும் இலவச வக்கீலும்

சப் ஜட்ஜ் அய்யாவை நினைத்தால் முதலில் என் கண்ணுக்கு வருவது ஒரு தங்கச் சங்கிலிதான். அது அவருடையது அல்ல. அதைப் போட்டுக்கொண்டு அவர் அறையில் நின்ற அந்த அம்மாவுடையதும் அல்ல. ஆனால் அது எங்களுக்கு அப்போது தெரியாது. எழுபதுகளின் நடுவில் ஒரு புதன்கிழமை காலை. சன்னல் வெயில் வேறு இடம் கிடைக்காதது போல நேராக அந்தச் சங்கிலியின் மேல் போய் உட்கார்ந்திருந்தது. மேசையைச் சுற்றியிருந்த எங்கள் கண்கள் அந்த அம்மாவின் மனுவின் மேல் இருந்திருக்க வேண்டும். எல்லாம் கழுத்தின் மேல் இருந்தன.

ஏழைகளுக்கு அரசாங்கச் செலவில் வக்கீல் வைத்துக் கொடுக்கும் குழு ஒன்று திருப்பூருக்கு அப்போதுதான் வந்திருந்தது. சப் ஜட்ஜ் அய்யா அதற்குத் தலைவர். ஊரில் பெயர் பெற்ற என் சீனியர் வக்கீல் அதில் ஓர் உறுப்பினர். நான் செயலாளர். முடியாது என்று சொல்லத் தெரியாததைத் தவிர எனக்கு அந்தப் பதவிக்கு வேறு தகுதி கிடையாது. சட்டப் படிப்பில் நான் பாஸாகியிருந்தேன், என் நாக்கு பாஸாகவில்லை. கோர்ட்டில் என் சீனியருக்குப் பின்னால் கேஸ் கட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கே உள்ளங்கை வேர்க்கும். எந்த வழக்காக இருந்தாலும் எனக்கு முன்னால் என் வயிறு ஆஜராகிவிடும்.

அந்த அம்மாவின் சங்கதி இதுதான். கணவர் ஒரு பனியன் கம்பெனியின் சலவைப் பட்டறையில் வேலை செய்தவர். கம்பெனி கொடுத்த லைன் வீட்டில் குடியிருந்தார்கள். பட்டறையின் பிளீச்சிங் பவுடர் நெடியில் கணவருக்கு நெஞ்சு கெட்டுப் படுக்கையில் விழுந்ததும், வேலைக்கு வராதவனுக்கு வீடு எதற்கு என்று முதலாளி காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டுவிட்டார். அந்த அம்மா வேறொரு கம்பெனியில் பனியன் செக்கிங் பார்த்துக் குடும்பத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். வக்கீல் இல்லாமல் இரண்டு வாய்தா போய்விட்டது. வெள்ளிக்கிழமையும் யாரும் ஆஜராகாவிட்டால் முன்சீப் ஒருதலையாகத் தீர்ப்புச் சொல்லிவிடுவார். படுத்திருக்கும் மனிதரைக் கட்டிலோடு தூக்கித் தெருவில் வைக்க வேண்டியதுதான்.

சீனியர் மனுவைப் புரட்டவே இல்லை. "ஏனுங்கய்யா, இந்தக் கழுத்துக்கு எதுக்குங்க இலவச வக்கீலு? நம்ம ரெண்டு பேரு ஊட்லயும் சேர்த்தாக்கூட இத்தன கனத்துல ஒண்ணு இருக்காதுங்க" என்றார். போதாததற்கு, கிராம அதிகாரியான மணியக்காரர் கையெழுத்துப் போட்ட ஏழ்மைச் சான்றிதழும் இணைக்கப்படவில்லை. அந்த அம்மா சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார். மனு ஓரமாக வைக்கப்பட்டது. ஓரமாக வைக்கப்பட்ட மனு எதுவும் நடுவுக்குத் திரும்பி வந்ததாக என் செயலாளர் அனுபவத்தில் இல்லை.

தண்ணீர் குடிக்க வெளியே வந்தேன். கோர்ட் வளாகத்து வேப்பமரத்தடியில் அந்த அம்மா குனிந்து நிற்க, இன்னொரு பெண் அவருடைய பிடரியில் கை வைத்துச் சங்கிலியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"பாத்து அம்மணி, வெடுக்குனு திரும்பாத, கொக்கி லூசு. காலைல இருந்து எனக்கு உசிரே இல்ல. உள்ளார என்ன பண்றாங்களோன்னு அந்தச் சன்னலையே பாத்துட்டு நின்னேன்."

"உன்ற சங்கிலிய ஆரும் முழுங்கிப் போடல. இந்தா, புடி."

அடுத்த வீட்டுக்காரியாம். தன் சங்கிலிக்குக் காவலாக அரைநாள் லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்திருக்கிறார். தங்கம் போன கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் கிடந்தது. உள்ளேயே இதைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"அத்தன பெரிய மனுசங்க முன்னால இரவல் சங்கிலின்னு எப்படீங்க சொல்றது? கோர்ட்டுக்கு மூளிக் கழுத்தோட வந்தா வாசல்லயே தொரத்திப் போடுவாங்கன்னுதான் வாங்கிப் போட்டுட்டு வந்தனுங்க."

எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல. கல்யாணத்துக்கோ காது குத்துக்கோ போவதென்றால் சங்கிலி வீடு மாறும். திங்கட்கிழமை திரும்பி வரும். மதிப்பான இடத்துக்குப் போகும்போது அந்த இடத்துக்கு நாம் செய்யும் மரியாதை அது. கோர்ட்டை மதித்து வந்தவரை, மதித்த குற்றத்துக்காக நாங்கள் வெளியே அனுப்பியிருக்கிறோம். ஏழை ஏழையாக வந்து நிற்க வேண்டும் என்று எதிர்பார்த்தோம். அப்படி வந்து நிற்க எங்கள் ஊரில் எந்தப் பெண் சம்மதிப்பாள்?

இதை உள்ளே போய்ச் சொல்ல வேண்டும். சொன்னால் சீனியரை மறுத்துப் பேசியதாகும். அவர் அலுவலகத்தில்தான் எனக்கு நாற்காலி. அந்த நாற்காலியில்தான் என் எதிர்காலம் உட்கார்ந்திருந்தது. கதவு வரை போனேன், திரும்பினேன், இன்னொரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். என்னை இரண்டு பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அந்தத் தம்பிக்கு வயித்துக்கு ஆகலயாட்ட இருக்குது" என்றார் சங்கிலிக்காரி. அந்த ஒரு வார்த்தைதான் என்னை உள்ளே தள்ளியது. வீரத்தால் அல்ல, வெட்கத்தால் போனேன்.

ஒரே மூச்சில் கொட்டினேன். என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. சங்கிலி, கொக்கி, வேப்பமரம் எல்லாம் கலந்து வந்திருக்கும். சீனியர் என்னைப் பார்த்த பார்வையில் என் நாற்காலியின் ஒரு கால் ஒடிந்தது. சப் ஜட்ஜ் அய்யா தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், அதிகம் பேசாதவர். முடிவு எடுத்துவிட்டால் பேனாவை மூடுவார், அவ்வளவுதான். அன்று பேனா திறந்தே இருந்தது. இருவரையும் கூப்பிடச் சொன்னார்.

"என்ற சங்கிலிதானுங்க சாமி. வேணும்னா மறுக்காவும் அவ கழுத்துல போட்டுக் காட்டட்டுங்களா?" என்றார் சங்கிலிக்காரி.

அய்யாவின் முகத்தில் சிரிப்பு வந்ததா என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம். சான்றிதழ் ஏன் வாங்கவில்லை என்று கேட்டார்.

"மணியக்காரருங்க மொதலாளிக்குப் பங்காளிங்க சாமி. பங்காளிய எதுத்து நிக்க எனக்கு வக்கீலு வேணும், கையெழுத்துப் போடுங்கன்னு அவருகிட்டயே எப்படீங்க போய்க் கேக்கறது?"

விதி விதிதான் என்றார் சீனியர், சற்றுக் குரல் இறங்கி. அய்யா சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "கதவைத் திறந்து வச்சிருக்கோம்னு தண்டோரா போட்டுட்டு, வாசப்படியை ஆள் உயரத்துக்குக் கட்டி வச்சிருக்கோம்." பிறகு எழுதினார். மனுதாரர் எங்கள் முன்னால் சத்தியமாகச் சொல்வதே போதும். பொய் என்று யாராவது காட்டினால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். புதன்கிழமை லீவு போட முடியாதவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் குழு உட்காரும். எழுதி முடித்து, "வெள்ளிக்கிழமை யார் ஆஜராகிறது?" என்று சுற்றிப் பார்த்தார். சீனியர் சன்னலைப் பார்த்தார். நானும் சன்னலைப் பார்த்தேன். பேனா மூடும் சத்தம் கேட்டது. திரும்பினால் அய்யா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை வருவதற்குள் நான் பட்ட பாட்டைச் சொன்னால் எனக்கே ஒரு வக்கீல் வைத்துக் கொடுக்கத் தோன்றும். நான் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: எதிர்வாதிக்காக ஆஜராகிறேன், பதில் உரை தாக்கல் செய்ய அவகாசம் வேண்டும். அதைக் குளிக்கும்போது சொன்னேன், சைக்கிளில் சொன்னேன், சந்தைக்குப் போகும் மாட்டிடம் சொன்னேன். மாடு ஆட்சேபிக்கவில்லை.

முன்சீப் கோர்ட்டில் பெயர் கூப்பிட்டார்கள். கம்பெனி வக்கீல் எழுந்தார். நானும் எழுந்தேன். வாயைத் திறந்தேன். காற்று வந்தது, வார்த்தை வரவில்லை. முன்சீப் நிமிர்ந்து பார்த்தார். "எதிர்வாதிக்கு யாரும் இல்லையா?" என்று கேட்டுப் பேனாவை எடுத்தார். அந்தப் பேனா தாளில் பட்டால் ஒரு குடும்பம் தெருவுக்குப் போகும். என் கால்கள் மேசைக்கடியில் தனியாகத் தாளம் போட்டன. அப்போது பின்வரிசையிலிருந்து அந்த அம்மாவின் குரல்:

"எந்திரிச்சுட்டாருங்க சாமி! எங்க வக்கீலுதானுங்க. செத்த பொறுங்க, பேசிருவாருங்க!"

கோர்ட்டே சிரித்தது. முன்சீப்பும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பின் இடுக்கில் புகுந்து என் வாக்கியமும் வெளியே வந்துவிட்டது. அவகாசம் கிடைத்தது.

சான்றிதழ் இல்லாமல் எப்படி உதவி கொடுத்தீர்கள் என்று மேலிடத்திலிருந்து பிறகு விளக்கம் கேட்டார்கள். அய்யா பதில் எழுதினார். கொஞ்ச காலத்தில் மாற்றலாகியும் போனார். மாற்றலுக்கும் பதிலுக்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் மட்டும் நிற்கவில்லை. இன்று சட்ட உதவிக்குத் தனி அலுவலகம், மின்விசிறி, வரிசையில் நாற்காலிகள் எல்லாம் இருக்கின்றன. பெண்கள் சான்றிதழே இல்லாமல் வந்து உட்காருகிறார்கள். இப்போதும் யாராவது கொஞ்சம் நன்றாக உடுத்தி வந்தால், இளம் வக்கீல்களின் கண் மேலும் கீழும் போவதைப் பார்க்கிறேன். உடனே எழுந்து போய் மனுவை நானே வாங்கிக்கொள்வேன்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோர்ட் முடிந்தும் நான் வீட்டுக்குப் போகவில்லை. அவகாசம் கொடுத்ததாக என் காதில்தான் விழுந்ததோ, கோர்ட் அமீனா பூட்டோடு போய்விட்டானோ என்று ஒரே பதைப்பு. சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த லைன் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. உள்ளே கட்டிலில் கணவர் இருமிக்கொண்டிருந்தார். அந்த அம்மா அடுப்பை ஊதியபடி திரும்பிப் பார்த்தார்.

"ஏனுங்க வக்கீலய்யா, ஊடு இருக்குதான்னு பாக்க வந்தீங்களாக்கு? இருக்குதுங்க. உள்ளார வந்து உக்காருங்க, இன்னும் உங்க காலு நடுங்குது."